பிரேம்குமாரின் கை

பிரேம்குமார் ஞாயிறுதோறும் இரண்டு கைகளையும் முழங்கை வரை முடி இல்லாமல் வழித்துவிடுவான். பேரிகை கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் வந்து, பைக் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். கையுறைக்குள் வியர்வையும் முடியும் சேர்ந்து நமநமவென்று அரிப்பது அவனுக்கு ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

2008 மே மாதம், ஆர்க்குட் இணையதளத்தில் கம்பெனிப் பையன்களின் குழுவில் எவனோ அவன் போட்டோவைப் போட்டு, பியூட்டி பார்லரில் மாதப் பாஸ் வாங்கியிருக்கிறானா என்று கேட்டிருந்தான். பிரேம்குமார் ஒரு வாரம் லீவில் இருந்தான். பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதில் எழுதினான்: "கையில முடி இருந்தா எனக்குப் பிடிக்காது. பெயின்ட் வேலைக்கு வழிச்ச கைதான் எனக்குத் தோது."

அதே வாரம் பெயின்டில் முடி ஒட்டி ஏழு டேங்குகள் ரிஜெக்ட் ஆகியிருந்தன. லீவில் இருந்தவனுக்கு அது தெரியாது. ரிஜெக்ட் வந்த வாரத்தில் பெயின்ட் ஷாப் ஆள் முடியைப் பற்றிப் பேசினால், யாரையோ காட்டிக்கொடுக்கிறான் என்றுதான் அங்கே பொருள். அந்த ஷாப்பில் கையில் அடர்த்தியாக முடி உள்ளவர் தங்கமணி ஒருவர்தான். தேனிக்காரர், கான்ட்ராக்ட் ஆள். நாற்பத்தோரு பதில்கள் வந்தன; அவற்றைப் படித்துத்தான் ரிஜெக்ட் விஷயமே அவனுக்குத் தெரிந்தது. ஒருவன் துரோகி என்றான், ஒருவன் ஆம்பளையா என்றான். என்ன அர்த்தத்தில் எழுதினாய் என்று ஒருவனும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தால், அவன் எழுதியதைப் பிரின்ட் எடுத்து ஷாப் கதவில் ஒட்டியிருந்தார் சூப்பர்வைசர் சௌந்தரராஜன். தங்கமணி வாசலிலேயே நின்றார். வழித்துவிட்டு வந்தால் வேலை, இல்லாவிட்டால் கான்ட்ராக்ட் முடிந்தது என்று சொல்லிவிட்டார்களாம்.

பிரேம்குமாருக்கு உடம்பெல்லாம் கொதித்தது. உள்ளே போகிற எல்லோருக்கும் தலையிலிருந்து கணுக்கால் வரை மூடிய உடுப்பு, முகத்தில் மாஸ்க், கையில் கையுறை. எந்தக் கையிலிருந்து எந்த முடி எப்படி விழும்?

"நான் என் கைய வழிச்சுக்கிறேண்ணா, அதுல தப்பில்லையே," என்று தங்கமணியிடம் தொடங்கினான்.

"நீ எதையும் வழிச்சுக்க. என் கைய எதுக்குடா சபையில இழுத்த?"

அவன் நேரே கதவுக்குப் போனான். காகிதத்தைக் கிழித்தான்.

"சார், இது என் கையப் பத்தி நான் எழுதினது. அவர் கைக்கு நீங்க உத்தரவாக்கறதுக்கு எழுதினது இல்ல. உடுப்புக்கு வெளிய இருக்கறது கண்ணும் புருவமும்தான். அதையும் வழிக்கச் சொல்றீங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சௌந்தரராஜன் அவனை உள்ளே போகச் சொன்னார். தங்கமணி அண்ணன் உள்ளே போனால்தான் நானும் போவேன் என்று அவன் அங்கேயே நின்றான். மேலே ஓடும் கன்வேயர் கொக்கிகளில் டேங்குகள் பெயின்ட் இல்லாமலே நகர ஆரம்பித்தன. ஸ்ப்ரே பிடிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஷிப்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பதினைந்து நிமிடம் கடிகாரத்தையே பார்த்த சௌந்தரராஜன், கடைசியில் இருவரையும் உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினார்.

தங்கமணி உடுப்பை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். பிரேம்குமார் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணா, நான் உங்களச் சொல்லல."

"ஸ்ப்ரே துப்பாக்கியப் பிடி. டேங்க் போகுது," என்றார் அவர்.