ஹேவ்லாக் ஜெட்டியில் ஒரு ‘வாரேன்’

ஆடித் தபசு முடிந்த மறுவாரம் சங்கரன்கோவிலிலிருந்து அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய்வந்தேன். நீலக் கடல், வெள்ளை மணல் என்று படம் பார்க்க வந்தவர்கள் மன்னிக்கவும், ஒரு படம்கூட எடுக்கவில்லை. வழியை மட்டும் ஒழுங்காகச் சொல்கிறேன். நான் போனது என் தம்பி சங்கரைக் கூட்டிவர.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திருநெல்வேலி டாக்டர், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பாக்க வேண்டியவங்க பாத்துக்கிடட்டும்” என்றுவிட்டார். பார்க்க வேண்டியவன் ஒருத்தன்தான். குருவிகுளம் பக்கம் எங்கள் புன்செய்க் காட்டில் போர் போட்டுத் தண்ணீர் வராமல் போன தகராறில், அப்பா அவனை நாலு பேர் முன்னால் கைநீட்டிவிட்டார். அன்றைக்கே கிளம்பிப் போனவன் ஒன்பது வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. ஹேவ்லாக்கில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. எப்போதாவது எனக்கு மட்டும் போன் செய்வான்.

அடித்ததைப் பற்றி அப்பா பேசமாட்டார். அவருடைய குறை வேறு. எங்கள் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. ‘வாரேன்’ என்றுதான் சொல்வார்கள். துக்க வீட்டிலிருந்து மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் கிளம்புவது. “இதென்ன எழவு வீடா? ஒரு வாரேன் சொல்லாமப் போயிட்டானே” என்று ஒன்பது வருஷமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, வழிக்கு வருகிறேன். செங்கோட்டையிலிருந்து வருகிற இரவு ரயிலில் சாயங்காலம் ஏறினால் விடிகாலையில் தாம்பரம். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே விமான நிலையம். ஆட்டோக்காரர்கள் கேட்கிற தொகையைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். விமானம் இரண்டேகால் மணி நேரம். பக்கத்து இருக்கையில் தேனிலவுத் தம்பதி. எங்கே தங்குகிறீர்கள் என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். தங்கவில்லை என்றேன்.

போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பேச்சில் பழைய பெயர்தான் ஓடுகிறது. அங்கிருந்து ஹேவ்லாக் கடலில் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை. நான் போன அன்று இரண்டுமே இல்லை. கடல் சீற்றம், எல்லாம் ரத்து. விரித்த குடை திரும்பிக்கொள்கிற காற்றில் ‘ஜெட்டி’ என்கிற படகுத்துறை வாசலில் நின்றேன். தம்பியிடம் சொல்லாமல் போய் முன்னால் நிற்பதுதான் என் திட்டம். ஒரு நாள் வீணாகிறதே, அங்கே அப்பா எப்படி இருக்கிறாரோ என்ற பதற்றத்தில் போனை எடுத்துவிட்டேன்.

“ஏலே, நான்தாம்ல அக்கா. போர்ட் பிளேர்ல நிக்கேன்.”

“எதுக்குக்கா வந்த?”

“அப்பாவுக்கு முடியலலே. உன்னத்தான் கேக்காரு. நாளைக்குக் கப்பல் விட்டா காலைல அங்கன வந்துருவேன். ஜெட்டிக்கு வருவியா?”

காற்றிரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அப்பாவ நல்லாப் பாத்துக்கக்கா. சரி, நான் வாரேன்.”

போன் நின்றது. வருகிறேன் என்றுவிட்டான்! விடுதி அறையில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கப்பல் விட்டார்கள். பாதிக் கப்பல் வாந்தி எடுத்தது, நானும்தான். ஹேவ்லாக்கில் இறங்கினால் பெயர் அட்டை பிடித்த ஹோட்டல் ஆட்கள் கூட்டம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ‘சங்கரு’ என்று ஒரு சத்தம் போட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். இங்கே தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. அவன் போன் அணைந்திருந்தது. கூட்டம் கலைந்து, அடுத்த படகும் வந்து, அந்தக் கூட்டமும் கலைந்தது.

செல்வம் என்ற ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்தார். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம்.

“யாரைப் பாக்கணும் அக்கா? சமையல்கார சங்கரா? அவரு விடியக்காலைல ரங்கத் போற போட்ல போயிட்டாரே. பெட்டி படுக்கையோட போனாரு. வேலையே வேணாம்னு சொல்லிட்டாராம்.”

“இல்ல தம்பி, எங்கிட்ட வாரேன்னு சொன்னாம்லா” என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவன் ஜெட்டிக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. என்னிடம் விடைபெற்றிருக்கிறான். சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் புரியாமல் போயிற்று. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நடு அந்தமானில் இருக்கிற ரங்கத்திலிருந்து வடக்கே மாயாபந்தர், டிக்லிப்பூர் என்று சாலை போய்க்கொண்டே இருக்கிறது. தேடி அலைய எனக்கு நாள் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. ‘அப்பாவுக்கு முடியல’ என்று தெரிந்தும் போகிறவனைக் கண்டுபிடித்துத்தான் என்ன செய்வது? செல்வம் டீ வாங்கிக்கொடுத்து, மதியக் கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்துத் தந்தார்.

நீங்கள் போவதாக இருந்தால் மழைக்காலத்தில் போகாதீர்கள், மார்கழிக்கு மேல் கடல் அடங்கியிருக்கும். திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். ஆதார் அட்டையைக் கையிலேயே வையுங்கள். யாரையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால், போய் இறங்கும் வரை போன் செய்யாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்துத்தான் இருந்தார். வாசலைப் பார்த்தார். என் பின்னால் யாரும் இல்லை.

“என்னட்டி சொன்னான்?”

ரயிலில் வரும்போது நிறையப் பொய் யோசித்து வைத்திருந்தேன். லீவு கிடைக்கவில்லை, கப்பல் இல்லை, அடுத்த வாரம் கிளம்புகிறான். அதையெல்லாம் விட்டுவிட்டு அவன் சொன்னதையே சொன்னேன்.

“வாரேன்னு சொன்னாம்ப்பா.”

எப்போது வருவான் என்று கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்று பயந்து நின்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்பவாவது சொன்னானே” என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாசலைப் பார்க்கவில்லை.