திருப்பி அனுப்பிய எட்டு மூட்டை மா

1. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையின் கொள்வனவுப் பதிவேடு மழையில் நனைந்து அழிந்தது.
2. ஆண்டின் கொள்வனவைக் கணக்கிடும் வேலை, கணக்கியல் படித்த என்னிடம் வந்தது.
3. என் கணக்கால் கடை மனேச்சர் சிவலிங்கம் அண்ணை வேலை இழந்தார்.

கொடுத்த பணத்துடன் ஆண்டிறுதிக் கடனைக் கூட்டி, தொடக்கக் கடனைக் கழித்தேன். கடை கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு என்பதற்கு, மா தரும் சாவகச்சேரி மொத்த வியாபாரி அனுப்பிய துண்டுச் சீட்டையே நம்பினேன். அந்தக் கணக்கின்படி கடையில் எட்டு மூட்டை கோதுமை மா குறைந்தது.

"நனைஞ்ச மூட்டையளைத் திருப்பி அனுப்பினனான், பிள்ளை," என்றார் சிவலிங்கம் அண்ணை. "இந்தப் பொருளாதாரத் தடைக்குள்ளை கடதாசிக்கு எங்கை போறது? களஞ்சியக் கதவிலை கரியாலை எழுதி வைச்சிருக்கிறன். வந்து பாருங்கோ."

"கதவைக் கணக்கிலை சேர்க்கேலாது, அண்ணை," என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். களஞ்சியம் முற்றத்துக்கு அப்பால்தான் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து வியாபாரியின் கடிதம் வந்தது. எட்டு மூட்டையும் அவரிடம் திரும்பி வந்ததாம். தன் புத்தகத்தில் பதியத் தாமதித்துவிட்டாராம்.

திருத்திய கணக்கைச் சங்கத்துக்குக் கொடுத்தேன். அதற்குள் மனேச்சர் வேலைக்கு வேறொருவர் வந்திருந்தார். சிவலிங்கம் அண்ணை இப்போது சைக்கிளில் விறகு கொண்டுபோய் விற்கிறார். வழியில் கண்டால், "சுகமோ, பிள்ளை?" என்று கேட்பார். "ஓம், அண்ணை," என்பேன். சங்கம் அவருக்கு எதையும் அறிவிக்கவில்லை. பிழை என்னுடையது என்று நானும் இன்னும் சொல்லவில்லை.