ஏரோப்ளேன் மோடில் போட்ட போன்

காரில் வழி காட்டுவதற்கென்றே தனியாக ஒரு கருவி வாங்கலாம் என்று சொன்னவள் என் மனைவி. போனே போதும் என்று சொன்னவன் நான். சாலைக் கடைத்தெருவில், கடைக்குள் நின்றே சண்டை போட்டோம்.

"போன் பேசுறதுக்கு. வழி பார்க்க வேற ஒண்ணு இருக்கட்டும். வண்டி ஓட்டும்போ கால் வந்தா உங்களுக்குக் கோபம் தலைக்கேறிப் பிராந்து பிடிக்கும்."

"வாங்கி உன் ஆபீஸ் மேஜையில ஒட்டி வை."

கடைக்காரரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "இப்போ இதொண்ணும் ஆரும் எடுக்கிறதில்ல அக்கா." அவள் கையிலிருந்த கருவியைத் திரும்ப வைத்துவிட்டாள். எனக்கு ஜெயித்த திமிர்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய பெரியம்மா இறந்துபோனார். தாயில்லாத இவளை வளர்த்தவர். கல்லாறு பக்கம் மகன் புதிதாகக் கட்டிய வீட்டில் இருந்தார். நாங்கள் அங்கே போனதே இல்லை. மகன் என் போனுக்கு லொகேஷன் அனுப்பினான். பன்னிரண்டுக்கு ராகு காலம், அதற்கு முன்னால் எடுத்துவிடுவார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வாய்க்கரிசி போடுவதானால் வீட்டில்தான். வலியசாலை வீட்டிலிருந்து புறப்பட்ட அவசரத்தில் அவள் தன் போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

நெடுமங்காடு வருவதற்குள் அழைப்பு மேல் அழைப்பு. சித்தப்பா, மாமா, அவர்கள் வீட்டு மருமகள்கள். எதுவரை வந்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எங்க எத்தியாச்சு?" ஒவ்வொரு முறையும் திரையில் வழி மறைந்துபோனது. விதுரை தாண்டியதும் ஒரு அழைப்பை வெட்டுகிற நேரத்தில் திரும்ப வேண்டிய முனையை விட்டுவிட்டேன். எனக்கு வெறி ஏறியது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டேன். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள், அதனால் பார்க்கவில்லை.

திரையில் பழைய வழிக்கோடு அப்படியே இருந்தது. அதைப் பிடித்துப் போய்விடலாம் என்று நினைத்தேன். இன்னொரு தப்பான திருப்பம், அவ்வளவுதான். நாங்கள் ரப்பர் தோட்டத்துக்குள், கோடு எங்கேயோ. புது வழி காட்ட போனுக்கு நெட் இல்லை.

"என்ன, போன் அடிக்கவே இல்ல?" என்றாள்.

"ரேஞ்ச் இல்ல."

அந்த நிமிடமே போனைச் சரியாக்கியிருக்கலாம். சரியாக்கினால் அது அவள் முன்னால் உடனே ஒலிக்கும், பொய் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து அப்படியே ஓட்டினேன். தோட்டத்தில் ஆளில்லை. எப்படியோ வெளியே வந்து, வழி கேட்டுக் கேட்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். முற்றத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஈரத்தில் நின்றாள்.

பதினாறாம் நாள் சாப்பிடும்போது பெரியம்மாவின் மகன் கேட்டான். "அத்தான், ஏழு தடவை விளிச்சேன். ராகு காலம் கழிஞ்சு ஒன்றரைக்கு எடுக்கலாமா, நீங்க வந்துருவீங்களான்னு கேக்கத்தான். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. சரி, இனி வர மாட்டீங்கன்னு எடுத்துட்டோம்."

நான் போனை எடுத்திருந்தால் அவர்கள் காத்திருந்திருப்பார்கள். அவள் வாய்க்கரிசி போட்டிருப்பாள். தனிக் கருவி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. போனை அணைத்தது என் விரல்.

"அவரை ஒண்ணும் சொல்லாதடா" என்றாள் என் மனைவி. "அங்க ரேஞ்ச் கிடையாது."

"விதுரை முழுக்க ரேஞ்ச் உண்டுக்கா."

"தோட்டத்துக்குள்ள கிடையாதுடா. நான் கூடத்தானே இருந்தேன்!"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.