அங்கே சொன்னதை அங்கேயே

உதடுகளுக்கு நடுவே குட்டி ஆணிகளைக் கவ்விக்கொண்டுதான் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வாள். நாக்கால் ஒன்றைத் தள்ளி எடுத்து, துணியை இழுத்துப் பிடித்து, ஒரே தட்டில் சோபாவின் மரச்சட்டத்துக்குள் இறக்குவாள். பேச்சு மட்டும் நிற்காது. "ஸ்பிரிங்கே போயிடுச்சு சார். மேல துணிய மட்டும் மாத்தினா, உக்காந்ததும் குட்டு வெளிப்பட்டுடும்."

பழைய சோபாக்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் அந்தக் கடையில் எல்லாருக்கும் அவள் 'சோபாக்கா'. வந்த சோபாவில் முதலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பாள். இடுக்கில் அகப்படும் சீப்பு, ஒற்றைத் தோடு எல்லாவற்றையும் காகிதத்தில் மடித்து உரியவரிடம் கொடுத்துவிடுவாள். சிரிப்பு, கடைவாசலைத் தாண்டிக் கேட்கும்.

கணவன் பேச்சு வந்தால் மட்டும் சுத்தியல் ஓங்கி விழும்.

கடைக்கு ஃபோம் ஏற்றிவந்த வேன் ஓட்டுநர் அவன். காதலித்துக் கட்டிக்கொண்டவன், அவள் நிறைமாதமாக இருக்கையில் இன்னொருத்தியோடு போய்விட்டான். மகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு, பிள்ளையின் பராமரிப்புச் செலவைக் கேட்டு நீதிமன்றம் போனாள். அங்கே அவனுடைய வக்கீல் நிறைந்த சபையில் குரலை உயர்த்திக் கேட்டார்: "பல ஆம்பளைங்க வந்துபோற கடையில வேலை பாக்குறாங்க. குழந்தை தன்னோடதுதான்னு என் கட்சிக்காரர் எப்படி நம்புவார்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவனோ, "அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்றான். பெற்ற மகள் அவனுக்கு 'அது'.

"சுமந்தவளுக்குத் தெரியாதாம், பாதியில ஓடினவனுக்குத் தெரியுமாம்!" இன்றைக்கும் சொல்லும்போது அவள் கழுத்து நரம்பு புடைக்கிறது.

மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவானது. ஊசியைப் பார்த்ததும் மகள், "எதுக்கும்மா?" என்று கேட்டாள். "உடம்புல சத்து இருக்கான்னு பாக்குறாங்கடி." மற்றதையெல்லாம் விட அதுதான் அவளுக்கு ஆறவில்லை. "பெத்த பிள்ளைகிட்டயே என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டான்."

அவன்தான் தகப்பன் என்று முடிவு வந்ததும், மாமியார் கடைக்கே வந்து நின்றாள்.

"நம்ம ரத்தம்மா அவ. கேஸை வாபஸ் வாங்கிக்கோ. வேண்டியதை அவனே உன் கையில குடுத்துடுவான்."

"போன வாரம் வரைக்கும் யார் ரத்தம்னே தெரியலயே அத்தை, இப்ப எப்படி நம்ம ரத்தமாச்சு? அவனா பாத்துக் குடுத்தா பிச்சை. கோர்ட்டு சொல்லிக் குடுத்தாதான் என் பொண்ணுக்கு உரிமை."

கடைசி விசாரணையில், மாதாமாதம் அவன் தரவேண்டியதை பெண் நீதிபதி அறிவித்துவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

சோபாக்கா எழுந்தாள். "பணம் சரிங்கம்மா. இதே இடத்துல, இத்தனை பேர் முன்னால, என் பிள்ளைக்கு அப்பன் யாருன்னு கேட்டுச் சிரிச்சாங்க. இங்க சொன்னதை இவரு இங்கயே திருப்பி எடுத்துக்கட்டும்."

வக்கீல் துள்ளி எழுந்தார். "இதுக்குச் சட்டத்துல இடமே இல்ல!"

"இல்லதான்." நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "ஆனா அவர் சொன்னா நான் தடுக்கப்போறதில்லை."

அவன் மெல்ல எழுந்து, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தான். "என் பொண்ணுதான்" என்பதுபோல் இருந்தது.

சோபாக்கா உட்காரவில்லை. காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு, அவன் பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.