வட்டக்கானலிலிருந்து கோர்ட்டுக்கு மூன்று மைல் ஏற்றம்

எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பாச்சலூரிலிருந்து வட்டக்கானல் போக நினைக்கிறவர்களுக்கு, அறுபதுகளின் தொடக்கத்தில், இருபத்திரண்டு வயதில் நான் போன வழி இது.

எங்கள் பூண்டுக்காட்டுப் பத்திரமே பொய் என்று பங்காளி வழக்குப் போட்டிருந்தான். அப்பா இல்லை. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடிருந்தவர், அந்தக் காலத்தில் வக்கீலாக அதை எழுதியும் கொடுத்த ஐயா ஒருவர்தான். சுதந்திரப் போராட்டத்துக்காக வக்கீல் தொழிலை விட்டுச் சிறை போனவர்; கோர்ட்டுப் படியை மிதிப்பதில்லை என்று சபதம் செய்து முப்பது வருஷம். உடம்பு தேற வட்டக்கானலில் தங்கியிருந்தார். விசாரணை கொடைக்கானலில், புதன் காலை பதினோரு மணி.

செவ்வாய் வெள்ளனே நாலு மணிக்குக் கிளம்பினேன். தாண்டிக்குடிக்கு ஆறு மணி நேர நடை, பண்ணைக்காட்டுக்கு இன்னும் மூன்று. அங்கே இரண்டு மணி பஸ், எழுபத்தைந்து பைசா. ஊத்து தாண்டியதும் மூடுபனியில் பஸ் நின்றுவிட்டது.

"வெரசாப் போகச் சொல்லுங்கண்ணே."

"எதிர்ல பாறையா பள்ளமான்னே தெரியல. மேலோகத்துக்கு அம்புட்டு அவசரமா தம்பி?" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். பனி விலகி பஸ் கொடைக்கானல் சேர ராத்திரியாகிவிட்டது; பஸ் நின்ற இடத்திலேயே படுத்திருந்து, விடியுமுன் வட்டக்கானலுக்கு இறங்கினேன்.

புதன் காலை ஏழு மணிக்கு ஐயா வீட்டில் நின்றேன். வக்கீலைப் பார்க்கப் போனால் வெற்றிலை பாக்கு வைப்பது எங்கள் வழக்கம், வைத்தேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"ஏலே, நான் வக்கீலில்ல. எடு அதை."

"சாட்சி சொல்லத்தாங்கய்யா..."

"கோர்ட்டுக்கு வரமாட்டேன்."

"வெள்ளைக்காரன் கோர்ட்டுன்னுதானங்க சத்தியம் பண்ணுனீங்க? அவன் போயிட்டான். இன்னைக்குக் காடும் போயிருமுங்க."

எழுந்து போய் வாசல் வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "எல்லையைச் சொல்லு" என்றார்.

அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். "ஓடைக்குக் கிழக்கு, கருப்பர் பாறைக்கு வடக்கு..." என்று நாலு எல்லையும் சொன்னேன்.

"நான் எழுதுனதுதான்" என்று கம்பளியை எடுத்தார்.

கிளம்பும்போது ஒன்பதரை. பத்தடிக்கு ஒருதரம் நின்றார். தூக்கிக்கொள்கிறேன் என்றதற்கு முறைத்தார். கோர்ட்டை அடைந்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். சாட்சி சொன்னார். காடு எங்களுக்கே நின்றது.

போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை நம்பி அன்றைய சோலி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்கள் கூட வந்தால் அந்த ஏற்றத்துக்கு இரண்டரை மணி நேரமாவது வேண்டும். நான் ஒன்றரைதான் கொடுத்தேன். கோர்ட்டு வாசலில், முதல் படியில் கால் வைக்காமல் ஐயா கொஞ்சநேரம் நின்றார். மூச்சு வாங்கத்தான் நின்றார் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.