கஸ்தூரியின் பட்டினிக் குடுவைகள்

கஸ்தூரி போய்விட்டாள் என்ற செய்தியை ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் கண்டக்டர்தான் கல்லூரி வாசலில் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் காய்ச்சலாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவளை அறிந்த உங்களிடம் அதை ஏன் மறைக்க வேண்டும்?

எழுபதுகளின் தொடக்கத்தில் திருத்தணியில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் உதவியாளர்கள். அவள் நெசவுக் குடும்பத்துப் பெண். என்னை அண்ணா என்பாள். கரும்பாலைக் கழிவுப்பாகில் பாக்டீரியாவை வளர்ப்பாள். நன்றாகப் பெருகியதும் வேறு குடுவைக்கு மாற்றி, பாகைத் தாராளமாக ஊற்றி, அது பெருகத் தேவையான அம்மோனியம் உப்பை மட்டும் அடியோடு நிறுத்திவிடுவாள். இரண்டு நாளில் பாக்டீரியாவின் உடம்பெல்லாம் அது சேர்த்துவைத்த துகள்கள். பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் காயவைத்தால் பிளாஸ்டிக் போல ஏடு உரிந்து வரும். மண்ணில் புதைத்தால் மக்கியும் போகும்.

ஏனம்மா பட்டினி போடுகிறாய் என்று கேட்டேன்.

“எல்லாம் கிடைச்சிக்கினே இருந்தா எதுண்ணா சேத்து வெக்கும்? தறி நிக்கப் போவுதுன்னு தெரிஞ்சாத்தான் எங்கூட்ல பானையில அரிசி சேரும்.”

இதைப் பற்றி எழுதும் ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரும் வரவேண்டும் என்று துறைத்தலைவரிடம் கேட்டாள். முதலில் சென்னைப் பெரியவர்களுக்குச் செய்து காட்டுவோம் என்றார் அவர். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தவர், இரண்டாம் குடுவைக்கு உப்பு எழுதாததை அரைகுறைப் படிப்பின் பிழை என்று சிரித்து, சிவப்பு மையில் எழுதிச் சேர்த்து, குடுவையிலும் தானே போட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவர்கள் வந்து பார்த்தபோது பாக்டீரியா கொழித்துக் கிடந்தது, துகள் ஒன்றுகூட இல்லை. எதை விட்டுத் தொலைத்தாய் என்று எல்லார் முன்னாலும் அவள்மேல் பாய்ந்தார்.

“நான் விடலீங்க சார். நீங்க சேத்துட்டீங்க.”

மறுவாரம் அவளுக்கு வேலை இல்லை. சிவப்பு மையைக் கண்ணால் பார்த்த நான் என் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருஷம் உப்பை நீக்கிவிட்டு, அதே வேலையைத் தன் பெயரில் மட்டும் அச்சேற்றினார் மகானுபாவர். நோட்டைக் குப்பையில் போட்டார். நான் எடுத்து வைத்தேன்.

கஸ்தூரி விசைத்தறிக்குப் போனாள். ஒரு ஆடிக் கிருத்திகையன்று பஸ் நிலையத்தில் காவடிக் கூட்டத்துக்கு நடுவே பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்ப நீங்களே வச்சிக்குங்கண்ணா. எம் பேர எங்க போட்டாங்க, அத்தச் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் அவளுக்கு இரங்கல் கூட்டம். தலைமை அதே துறைத்தலைவர்தானாம். கஸ்தூரியைத் தன் கண்டுபிடிப்பு என்று சொன்னாலும் சொல்வார். எனக்கும் ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நோட்டும், ஆறாத அவள் கோபமும். இரண்டையும் கொண்டுவருகிறேன். அன்று அவள் பெயரைச் சொல்லாத இந்த வாய், இம்முறை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லும்.