ஐந்தாவது கப்பில் ஆணி

எங்கள் பழரசக் கம்பெனியில் அவரை எல்லோரும் ஆணி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் சுத்தியலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை, சுவை பார்ப்பது. நான் பக்கத்து அறையில் கப் ஊற்றிக் கொடுப்பவள். நடுச்சுவரில் கப் நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு.

ஒவ்வொரு கலவைக்கும் ஐந்து கப். ஒன்றைவிட அடுத்ததில் சர்க்கரை கூடுதல். எந்தக் கப்பில் திகட்டுகிறது என்று அவர் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின அளவுதான் பாட்டிலுக்குப் போகும். அச்சடித்த தாளில் அந்த இடத்தில் ‘க்ளாயிங்’ என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். சேர்ந்த புதிதில் அதற்கு அர்த்தம் கேட்டு, லேபிள் எழுதும் அம்மாவைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார். அந்த அம்மாவும் அகராதியைப் புரட்டிச் சொன்னாராம்: பழைய பிரெஞ்சில் அது ஆணி அடிப்பது. லாடம் கட்டும்போது ஆணி சதையில் இறங்கிக் குதிரை நொண்டினால் அந்த வார்த்தை. பீரங்கியின் துளையில் ஆணி அடித்து அடைத்தாலும் அதே வார்த்தை. போகப் போக எதை அடைத்தாலும் அது என்றாகி, கடைசியில் இனிப்பு மிஞ்சித் தொண்டையை அடைப்பதற்கு வந்து நின்றுவிட்டது. திகட்டுது என்று சொல்லிவிட்டுப் போகாமல் இதற்குக் குதிரையை ஏன் நொண்ட வைக்க வேண்டும் என்று கேட்டாராம் அண்ணன். ஆனால் அன்றிலிருந்து, திகட்டும் கப் வந்ததும் கதவைத் தட்டி “ஆணி” என்பார். பெரும்பாலும் அது ஐந்தாவது கப்பாக இருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் அண்ணி தவறிப்போனார். மூன்றாம் நாளே அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்நெஞ்சு என்று பேசினார்கள். பொய் சொல்வானேன், நானும் தலையாட்டினேன்.

போன வாரம் புது மேனேஜர் பழைய தாள்களைப் புரட்டியிருக்கிறார். எட்டு மாதமாக எல்லாத் தாளிலும் ஐந்து, ஒன்றில்கூட மாற்றமில்லை. என்னைக் கூப்பிட்டு, ஐந்து கப்பிலும் நிறமும் வாசனையும் மட்டும் போடு, சர்க்கரை ஒரு துளிகூட வேண்டாம் என்றார். அப்படியே ஊற்றி நீட்டினேன். அண்ணன் ஒவ்வொன்றாக வாயில் வைத்து, நிதானமாகத் துப்பினார். ஐந்தாவது முடிந்ததும் கதவைத் தட்டினார்.

“ஆணி.”

 கதவைத் திறந்து சொல்லிவிட்டேன்: “அஞ்சுலயும் சர்க்கரையே இல்லண்ணே.”

அவர் கப்பைக் கீழே வைத்தார். பிறகு பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்: “அவ போனதுலேர்ந்து நாக்குல ஒண்ணும் தெரியலம்மா. சொன்னா வீட்ல உக்கார வச்சிருவாங்க. அந்த வீட்ல என்னால உக்கார முடியாது.”

தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றேன். கேட்கவில்லை. ‘எட்டு மாதமாகச் சுவை தெரியவில்லை’ என்று அடியில் தன் கையாலேயே எழுதி, மேனேஜர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மேனேஜர் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. நாற்காலி போட்டார், தேன் ஒழுகப் பேசினார். முழுச் சம்பளத்தோடு லீவு தருகிறேன், நாக்குத் திரும்பும்வரை வீட்டில் நிம்மதியாக ஓய்வெடுங்கள், அவசரமே இல்லை என்றார். ஆறுதல் என்று நினைத்து இன்னொன்றும் சொன்னார்: “இந்த எட்டு மாசத்துல குடிச்சவங்க ஒருத்தர்கூட குறை சொல்லலை.”

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தர்கூட.”

அண்ணியைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாத மனுஷன், அந்தத் தாளைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தார்.